ஒரே இடத்தில் நிற்கும் கோடு

பதினொன்று பத்து ஆகிவிட்டது, பத்து நாற்பதுக்கு ஆர்ஓ ரிப்பேர்காரர் இம்தியாஸ் போனில் சொன்ன "அஞ்சே நிமிஷம் மேடம், சிக்னல்ல இருக்கேன்" இன்னும் முடியவில்லை. நம்பிக்கை வரட்டும் என்று தன் இருப்பிடத்தை வேறு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறார், விஜயநகர் சிக்னல் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி, அரை மணி நேரமாக அது அங்கேயே நிற்கிறது. எந்த ஊரில் சிக்னல் அரை மணி நேரம் சிவப்பாக இருக்கும்? டீ குடிக்கிறார். குடிக்கட்டும். நான்தான் இரண்டு நாளாக ஒழுங்கான தண்ணீர் இல்லாமல் கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறேன், அதில் ஏதோ பிளாஸ்டிக் வாடை. தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்ஓ மிஷின் சமையலறைச் சுவரில் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. இந்த அடுக்குமாடியில் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாது, பல் தேய்த்தாலே நாக்கு கரிக்கும். "நீதான் இன்னிக்கு வீட்ல இருக்கியே, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு சபாபதி பேங்குக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் இருக்கிறேன் என்றால் சும்மா இருக்கிறேன் என்று கல்யாணமாகி பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு மனிதர் நினைக்கிறார். நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்து கிடக்கிறது. ஆய்விதழ்க்காரர்களின் கடிதம். என் கட்டுரையின் மெய்ப்பு தயாராம், படித்துத் திருத்தி, அவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். அந்த நாற்பத்தெட்டு இன்று மதியம் ஒன்றரைக்கு முடிகிறது. நான் இன்னும் கோப்பைத் திறக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் ஆர்ஓ ஆள் வரவில்லை என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், எனக்கே எரிச்சலாக இருந்தது.

திறந்தால் என்ன இருக்கப் போகிறது, நான் எழுதியதுதானே இருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. மிகத் தொலைவில், நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறந்துகொண்டிருக்கும் கேலக்ஸிகளில் கனமான தனிமங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அளப்பது, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடு விழும், அதை வைத்து. பிரபஞ்சம் கடை திறந்தபோது சரக்கு என்று பார்த்தால் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். மற்றதெல்லாம் நட்சத்திரங்கள் உள்ளே சமைத்துச் சாகும்போது வெளியே கொட்டியது. அடுத்த தலைமுறை அதிலிருந்து பிறந்து, அதுவும் கொஞ்சம் சமைத்துக் கொட்டும். ஆகவே ஒரு கேலக்ஸியில் கனமான சரக்கு எவ்வளவு என்று தெரிந்தால், அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்து செத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் துறையில் முதல் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் உலோகம் என்றே சொல்வோம், ஆக்சிஜன் உலோகம், நைட்ரஜன் உலோகம். பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போனால் வேதியியல் ஆசிரியர்களுக்கு முகம் சுருங்கிவிடும். கடைசியில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு நட்சத்திரத்தில் பிறந்தது என்று மேடம் அழகாகச் சொன்னார்கள் என்பார். நான் அதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். மேடம் சொன்னார்கள், மேடம் சொன்னார்கள். மேடம் சொல்வதற்கு என்று ஒன்றும் கிடைக்காமல் பதினோரு வருடம் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் போட்டாள், ஒன்பது தடவை இல்லை என்றார்கள், அதில் ஒரு தடவை "புதிதாக ஒன்றுமில்லை" என்று இரண்டே வார்த்தையில் பதில். பத்தாவது தடவை மூன்று இரவுகள் கிடைத்தன. தொலைநோக்கி தென் அமெரிக்காவில் ஒரு மலை உச்சியில். அங்கே இரவு என்றால் இங்கே பட்டப்பகல், நாங்கள் அடையாறு அலுவலகத்து அறையில் கேண்டீன் பொங்கலைத் தின்றுகொண்டே அந்த இருட்டைப் பார்த்தோம், நானும் என் ஆய்வு மாணவி ஜெபமலரும். முதல் இரவு மேகம். போச்சு. பதினோரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பொங்கலைத் தள்ளி வைத்தேன்.

அதனால்தான் சொன்னேன். நினைத்துப் பார்த்தால் அந்த நிலைமையில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வழக்கமாக ஐந்து நிமிடம் கேலக்ஸியைப் பார்ப்போம், ஐந்து நிமிடம் பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தைப் பார்ப்போம், மாறி மாறி. ஏனென்றால் நம் வானம் சும்மா இருப்பதில்லை. நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றே மங்கலாக ஒளிர்கிறது, அந்த ஒளியைப் பிரித்தால் அதுவும் கோடு கோடாக விழும், கேலக்ஸியின் கோடுகள் மேலேயே விழும். முதலில் பார்த்ததிலிருந்து வெற்று வானத்தைக் கழித்தால்தான் கேலக்ஸி மிஞ்சும். ஆனால் தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பி நிறுத்துவதிலேயே நேரம் போகிறது. இழந்த இரவை ஈடுகட்ட வேண்டாமா? "இருபது நிமிஷமாக்கு" என்றேன். ஜெபமலர் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குள்ள வானம் மாறிருமே மேடம்" என்றாள். "பாத்துக் கழிச்சுக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதில் ஒன்றும் தப்பில்லை. ஒன்பது கேலக்ஸிகள், ஒரே கூட்டம், ஏறக்குறைய ஒரே தூரம், கிளம்பி ஆயிரத்து நூறு கோடி ஆண்டு ஆன வெளிச்சம். தனித்தனியாகப் பார்த்தால் இரைச்சல்தான், நைட்ரஜன் கோடு தெரியாது. ஹைட்ரஜன் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுகிற மாதிரி ஒன்பதையும் அடுக்கினோம். நைட்ரஜன் எழுந்து நின்றது. நைட்ரஜன் நிதானமாகச் சேருகிற சரக்கு, பெரும்பகுதி பொறுமையாகச் சாகிற நட்சத்திரங்கள் தருவது. பிரபஞ்சத்துக்கு முந்நூறு கோடி வயதுகூட ஆகாத காலத்தில் அது அவ்வளவு இருக்கவே கூடாது, ஆனால் இருந்தது. அன்றைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன், சபாபதிக்குக்கூடச் சொல்லவில்லை. கோடு கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. ஏன் அகலம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன், வாயு பெரும் வேகத்தில் வெளியே வீசுகிறது, அதனால் கோடு விரிகிறது என்று. நல்ல பக்கம். கட்டுரையைப் பரிசீலித்தவர் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார். பாராட்டினாரே.

புள்ளி இன்னும் அங்கேயே நிற்கிறது. பதினொன்று முப்பத்தைந்து. போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ஒருவேளை இருப்பிடத்தை அனுப்பிவிட்டுப் போனை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வண்டியில் வந்துகொண்டிருக்கிறாரோ, அப்படியானால் இந்தப் புள்ளி அவரே இல்லை, நகர வேண்டியது நகர்கிறது, நான் பார்ப்பது வேறு எதையோ. நகர வேண்டியது நகரவில்லை என்றால் அது அவரில்லை. சே, எங்கே சுற்றினாலும் அதிலேயே போய் முட்டுகிறது. ஜெபமலர் ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஒன்பதையும் அடுக்காமல், தனித்தனியாக, மேலிருந்து கீழாக வரிசையாக வைத்திருந்தாள். "ஹைட்ரஜன் கோடு ஒன்பதுலயும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கு மேடம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல போகுதுல்லா. நைட்ரஜனும் கூடவே தள்ளணும். அது மட்டும் ஒன்பதுலயும் ஒரே இடத்துல நிக்குது" என்றாள். தூத்துக்குடிப் பெண், பதற்றமானால்தான் அந்த ஊர்ப் பேச்சு வரும். நான் பார்த்தேன். பார்த்த மாதிரி தலையை அந்தப் பக்கம் வைத்திருந்தேன். "இரைச்சல்ல தேடினா எது வேணும்னாலும் தெரியும்" என்றேன். அப்புறம், இதைச் சொல்லியிருக்க வேண்டாம், "இருபத்திரண்டு வருஷமா வானத்தைக் கழிச்சிட்டிருக்கேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றும் கேட்டேன். கதவு திறந்திருந்தது, வெளியே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "சரி மேடம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வேறு எதுவும் சொல்வதில்லை, எதற்கெடுத்தாலும் சரி மேடம்தான். ஒரே ஒரு தடவை சொன்னாள், நான் ஒரு தடவை கோபப்பட்டேன், எந்த ஆய்வுக்கூடத்தில் நடக்காதது? இல்லை, இரண்டு தடவை. அந்த வாரமே ஒரு மின்னஞ்சலும் போட்டிருந்தாள், படத்தை இணைத்து, பக்கத்திலேயே நம் வானத்தின் கோடுகளையும் வரைந்து. நான் இணைப்பைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதால் அது எண்ணிக்கையில் வராது என்று சொல்ல முடியுமா?

என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? யாரைக் கேட்கிறேன் நான், வீட்டில் யாருமில்லை. கட்டுரை ஏற்கப்பட்டாயிற்று. நிறுவனத்தில் சுண்டல் கொடுத்தார்கள், இயக்குநர் தோளைத் தட்டினார், பதினோரு வருடமாக என்னை எதிரில் பார்த்தால் மாடிப்படி ஏறிவிடுகிற மனிதர். இதைத் திரும்பப் பெறுவதென்றால், எங்கள் தலைக்கு மேல் இருக்கிற காற்றைப் பார்த்துவிட்டு ஆயிரத்து நூறு கோடி ஆண்டுக்கு முந்தைய சங்கதி என்று எழுதிவிட்டோம் என்று நானே உலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரு கருத்தரங்கு பாக்கியில்லாமல் சிரிப்பார்கள். ஒன்பது தடவை இல்லை என்றவர்கள் நல்லவேளை அப்போது கொடுக்கவில்லை என்பார்கள். அதோடு இது என் ஒருத்தியின் விஷயமா? கட்டுரையில் முதல் பெயர் ஜெபமலருடையது. ஹாலந்தில் மூன்று வருட வேலை, இந்தக் கட்டுரை வெளிவந்தால் உறுதி என்று கடிதம் வந்திருக்கிறது, அவள் அம்மா குளிருக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார்களாம், தூத்துக்குடி வெயிலில் உட்கார்ந்து. அவளுக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன். ஆமாம், அவளுக்காகத்தான். இதை இந்த வாரத்தில் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ தெரியவில்லை, சொல்லச் சொல்ல வாயில் இந்தப் போர் தண்ணீர் மாதிரியே கரிக்கிறது. கேண்டீனில் வரிசையில் நிற்கும்போது அவள் என் பின்னால் வந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "மேடம், அந்தக் கோட்டை ஒரு தடவை மட்டும் நீங்களே கழிச்சுப் பாருங்களேன்" என்றாள். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அது மூன்றாவது தடவை. அதை நான் மறந்தே போயிருந்தேன், சாம்பார்கூட நினைவிருக்கிறது, அவள் சொன்னது மறந்துவிட்டது. பயமாக இருக்கிறது எனக்கு. ஐம்பது வயதாகப் போகிறது, இன்னொரு பதினோரு வருடம் என்னிடம் இல்லை.

அழைப்பு மணி அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு பத்து. இம்தியாஸ் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், முப்பத்தைந்து வயதிருக்கும், முகமெல்லாம் வியர்வை. "சாரி மேடம், வண்டி பஞ்சர். போன் வேற செத்துப்போச்சு. தள்ளிக்கினே வந்தேன்" என்றார். திட்டுவதற்கு ஒன்றரை மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போயிற்று. உள்ளே போய் மிஷினைக் கழற்றினார், குழாயை ஊதினார், கறுத்துப் போன ஒரு வடிகட்டியை எடுத்துக் காட்டி "பாருங்க, எவ்ளோ மண்ணு" என்றார், புதிதாக ஒன்றை மாட்டினார். சிவப்பு விளக்கு அணைந்தது. சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். "ஒரு டம்ளர் குடுங்க மேடம், டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்." பாத்திரத் தொட்டியில் கிடந்ததை எடுத்துக் குழாயில் ஒரு அலசு அலசிக் கொடுத்தேன். அதில் நீர் பிடித்து, பேனா மாதிரி இருக்கிற உப்பு மீட்டரை உள்ளே விட்டார். நானூற்றுப் பத்து. முகம் மாறிவிட்டது. "ஃபில்டர் மாத்தியும் நானூறா? அப்போ உப்பை வடிகட்டுற மெம்பரேன்தான் போச்சு போல" என்று மறுபடி ஸ்குரூடிரைவரை எடுத்தார், வைத்தார், டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதுல என்னா குடிச்சீங்க மேடம்?" "மோர். காலைல." "உப்பு போட்டா?" ஆமாம், போட்டுத்தான். மிஷினிலிருந்து வந்த தண்ணீரால் டம்ளரை இரண்டு தடவை கழுவி, மூன்றாவது தடவை பிடித்து, மீட்டரை விட்டார். ஐம்பத்தெட்டு. "நல்லாதான் இருக்கு. டம்ளர்ல இருந்த உப்பைப் பாத்து நல்ல மெம்பரேனைக் கழட்டிட்டிருப்பேன்" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர் மேல் இல்லை, டம்ளர் மேல். ஆர்ஓ ரிப்பேருக்கு வந்த மனிதர் ஒரு நம்பரை நம்பாமல் இன்னொரு தடவை கழுவிப் பார்க்கிறார், அவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை, அரை நிமிட வேலை. எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் அந்த இணைப்பைத் திறக்கவில்லை. அவர் ரசீது எழுதும்வரை நான் ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தேன். "தண்ணி குடிங்க மேடம், முகமே சரியில்ல" என்றார் போகும்போது.

பன்னிரண்டு ஐம்பது. குடித்தேன். நல்ல தண்ணீர், ஒரு ருசியும் இல்லாத தண்ணீர். சரி, கமாவை மட்டும் திருத்தி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து மெய்ப்பைத் திறந்தேன். அச்சில் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அந்த வீசுகிற வாயுப் பக்கமும் அழகாக இருந்தது. ஓரத்தில் கேள்விகள். முதல் கேள்வி, என் பெயரின் முன்னெழுத்து சரியா. இரண்டாவது, நிறுவன முகவரியில் அஞ்சல் குறியீடு விடுபட்டிருக்கிறது. மூன்றாவது ஒரு கமா, நான்காவது இன்னொரு கமா, ஐந்தாவது மேற்கோளில் ஆண்டு, ஆறாவது மூன்றாம் படத்தின் நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் சமர்த்தாகப் பதில் எழுதிக்கொண்டே வந்தேன், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், முடிந்தால் பிறகு எதுவும் என் கையில் இல்லை. ஏழாவது கேள்வி மற்றவற்றைப் போலவே அதே எழுத்தில், அதே அளவில் இருந்தது. முதல் ஆசிரியர் ஜெபமலர் தன் பெயரைக் கட்டுரையிலிருந்து நீக்கும்படி எங்களுக்கு எழுதியிருக்கிறார், இதை உறுதி செய்யவும், ஆம் அல்லது இல்லை. மறுபடி படித்தேன். திரையை நகர்த்திவிட்டுத் திரும்பி வந்து படித்தேன், அது அதே இடத்தில் இருந்தது. ஹாலந்து போச்சு. ஸ்வெட்டர் போச்சு. பெயர் இல்லாவிட்டால் அவளுக்கு இந்த ஐந்து வருடத்தில் காட்ட ஒன்றுமே இல்லை. நான் அவளுக்காகப் பேசாமல் இருந்தேனாம். அவமானம் காதுவரை சுட்டது. பெரிய மனுஷி நான், இருபத்திரண்டு வருடமாகக் கழிக்கிறவள், கழிக்க வேண்டியதை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கழித்திருக்கிறேன். பதில் பெட்டியில் தட்டச்சு செய்தேன்: கட்டுரையை அச்சிட வேண்டாம், நைட்ரஜன் கோடு நம் வானத்தினுடையது, தவறு என்னுடையது. விரல் அனுப்பு பொத்தான் மேல் நின்றது, அழுத்தவில்லை. ஒன்று பத்து. போனை எடுத்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். "சொல்லுங்க மேடம்." பின்னால் விடுதி சாப்பாட்டுக்கூடத்துச் சத்தம், தட்டு, டம்ளர்.

"உன் பேரை எடுக்கச் சொல்லி எழுதினியா?"

"ஆமா மேடம்."

"அந்த வேலை?"

"அவங்களுக்கும் எழுதிட்டேன், இந்தக் கட்டுரைய எண்ணிக்கையில சேர்க்காதீங்கன்னு. இன்னும் பதில் வரல."

குரலில் கோபம் ஒன்றுமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பழக்கம் அப்படி. அந்தப் பழக்கத்திலேயே வாயிலிருந்து வந்துவிட்டது.

"இவ்வளவு செஞ்சிருக்கே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மிக மெதுவாக, நான் வருத்தப்படுவேனோ என்று பயந்த மாதிரி சொன்னாள்.

"சொன்னேனே, மேடம்."

நான் பொத்தானை அழுத்தினேன். போய்விட்டது.

"ஆமா" என்றேன். "சொன்னே. வானம் மாறிரும்னு சொன்ன அன்னில இருந்தே. நாலு தடவை சொன்னே."